எஸ்ராவின் மரணம் ஜூன் முதல் அமலுக்கு வருகிறது

ஏனாத்தூர் சாலையில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் மறுப்பு எழுத ஒரு குழு போடுவார்கள், அந்தக் குழுவின் மசால்வடைச் செலவு மாணவர் நலநிதியில் போய் விழும். எதற்கு வம்பு.

அந்தக் கல்லூரியின் ஆங்கிலத் துறையில் ஒரு பையன் இருபது வருஷத்துக்கும் மேலாகச் சாகாமல் இருந்தான். பெயர் எஸ்ரா. ஊர் அமெரிக்கா. வயது பத்து. பாடத்தில் வைத்திருந்த ஒரு பழைய நாவலில் வருகிற கறுப்பினப் பையன் அவன்.

கதை இதுதான். அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு பஞ்சாலைக் கிடங்கு எரிந்துபோகிறது. முதலாளியின் மகன் திருட்டுத்தனமாகப் புகைத்துவிட்டுப் போட்ட நெருப்பு. பழி விழுவது பக்கத்தில் நின்ற எஸ்ராவின் மேல். அவன் துணி வெளுக்கிறவளின் பிள்ளை. நடந்ததைப் பார்த்தவள் கிளாரா என்கிற வெள்ளைக்காரச் சிறுமி, எஸ்ராவோடு கோலி ஆடுகிறவள். வாயைத் திறக்காதே என்று அவள் அப்பா சொல்கிறார், அவளும் திறக்கவில்லை. எஸ்ராவைச் சீர்திருத்தப் பள்ளிக்குக் கொண்டுபோகிறார்கள். இதுவரைக்கும் நாவலுக்கும் கல்லூரிக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

இதற்குமேல்தான் வழி பிரிகிறது. கல்லூரியில் கிளாரா மனம் உருகி நீதிபதியிடம் உண்மையைச் சொல்லிவிடுவாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எஸ்ரா வீடு திரும்புவான். தாய் ஆனந்தக் கண்ணீர் விடுவாள், ஊர் மக்கள் வரிசையில் வந்து கை குலுக்குவார்கள், முதலாளி ஒரு புதுச் சட்டை எடுத்துக் கொடுப்பார். நீதி வெல்லும். பதினாறு மதிப்பெண்.

நாவலில் இதெல்லாம் இல்லை. நாவலில் எஸ்ரா அந்தப் பள்ளியின் விறகுக் கொட்டகையில் அடைபட்டுக் குளிரில் செத்துப்போகிறான். துணி துவைக்கிற கூடத்துக்குப் பின்னால் பெயர்ப் பலகைகூட இல்லாமல் புதைத்துவிடுகிறார்கள். கிழவியான பிறகு கிளாரா அந்த இடத்தைத் தேடிக்கொண்டு போவதோடு கதை முடிகிறது.

இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்றால், துறைத்தலைவர் கைலாசத்தால் வந்தது. கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டில் பிறந்து, தறிச் சத்தத்துக்கு நடுவே ஷெல்லியைப் படித்து மேலே வந்த மனுஷன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்த நாவலைச் சென்னை நடைபாதையில் வாங்கினார். கடைசிப் பக்கங்கள் கிழிந்திருந்தன. பரீட்சைக்கு நாள் நெருங்கிவிட்டது, பிள்ளைகள் நோட்ஸ் நோட்ஸ் என்று வாசலில் நிற்கிறார்கள். அறுந்த இழையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகிற வழக்கம் அவர்கள் வீட்டில் கிடையாது. முடிச்சுப் போட்டுவிட்டார். பையனை வீட்டுக்கு அனுப்பி வைத்தார். இளகிய மனசு, வேறென்ன செய்வார்?

அந்த நோட்ஸ் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் இன்றைக்கும் கிடைக்கிறது. அதைப் படித்துத் தேறியவர்கள் அதே துறைக்கு ஆசிரியர்களாக வந்து, அதிலிருந்தே பாடம் நடத்தி, அதிலிருந்தே கேள்வி எடுத்து, அதை வைத்தே திருத்தினார்கள். நாவலைப் படிப்பது பாடத்திட்டத்தில் இல்லை.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சுகாசினி வந்து கெடுத்தாள்.

ஐயம்பேட்டை காலனியிலிருந்து வருகிற பெண். அப்பா ஜான்சன், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை ஒன்றுக்கு ஆள் ஏற்றிப் போகிற பேருந்தின் ஓட்டுநர். அம்மா வடிவு வீட்டில் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறவள். சுகாசினிக்குக் கலகம் செய்யும் உத்தேசம் எதுவும் இல்லை. ஜெராக்ஸின் ஜெராக்ஸின் ஜெராக்ஸில் நோட்ஸின் கடைசிப் பக்கம் வெளுத்துப்போய் வெறும் சாம்பலாக இருந்தது, அவ்வளவுதான். கிடைக்காத ஒரு பக்கத்துக்காக முழு நாவலையும் கைப்பேசியில் இறக்கிக்கொண்டாள். பேருந்தில் போகும்போதும் வரும்போதும் படித்தாள். கொட்டகைக் கதவை உள்ளேயிருந்து எஸ்ரா தட்டுகிற இடம் வந்தபோது இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது. கண்டக்டர் வந்து இன்னாமா, யாராவது தவறிட்டாங்களா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினாள்.

அன்று முதல் அவன் வந்துகொண்டிருந்தான். பயமுறுத்துகிற மாதிரி எதுவும் இல்லை. பேருந்தில் ஜன்னலோரம் ஓர் இடம் காலியாக இருக்கும், கூட்டம் நெரிந்தாலும் யாரும் அதில் உட்கார மாட்டார்கள், அவளுக்கு மட்டும் அது காலி இல்லை என்று தெரியும். பெண்களுக்கு அந்தப் பேருந்தில் டிக்கெட் கிடையாது. பேய்க்கும் கேட்பதில்லை போலிருக்கிறது. வகுப்பில் கடைசி பெஞ்சில் இருப்பான். எஸ்ரா வீடு திரும்பிய காட்சியை விரிவுரையாளர் கைகளை விரித்து விவரிக்கும்போது அவன் நிமிர்ந்து பார்ப்பான். அது என்ன ஊர், யார் வீடு என்று கேட்கிற பார்வை.

தேர்வில் அவள் உள்ளதை எழுதினாள். தோற்றாள். விடைத்தாளின் நகலுக்கு விண்ணப்பித்து வாங்கிப் பார்த்தபோது சிவப்பு மையில் இப்படி இருந்தது: தவறு. பையன் நலமாக இருக்கிறான். நோட்ஸ் பார்க்கவும்.

அந்த ஒரு தாள்தான் பாக்கி. வாலாஜாபாத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியையாக அவளுக்கு இடம் சொல்லி வைத்திருந்தார்கள். டிசம்பர் வரை காத்திருப்பதாகச் சொன்னார் தாளாளர் அம்மாள். அதற்குள் பட்டம் கையில் இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அப்புறம் அவளுக்கு இருப்பது அப்பா ஓட்டுகிற பேருந்துதான். விடியுமுன் ஏறி, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டே போகிற பெண்பிள்ளைகளை ஜான்சன் தினமும் கண்ணாடியில் பார்க்கிறவர். தன் மகள் அந்தக் கண்ணாடிக்குள் வந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அவருடைய வேண்டுதல்.

அவள் கைலாசத்தைப் போய்ப் பார்த்தாள். அவர் கைப்பேசியை வாங்கித் தூரத்தில் பிடித்து, பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். இணையத்தில் யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் சாகடிப்பார்கள் என்றார். போன வாரம்கூட ஒரு நடிகரைச் சாகடித்தார்கள், அவர் மறுநாள் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் உட்கார்ந்திருந்தார் என்றும் சொன்னார். அச்சிட்ட புத்தகம்தான் ஆதாரம்.

அச்சிட்ட புத்தகம் நூலகத்தில் ஒன்று இருந்தது, கண்ணாடி அலமாரிக்குள், பூட்டோடு. அந்தப் பூட்டைத் திறக்க மூவர் சாட்சி வேண்டும் என்றாள் நூலகர் ரேணுகாம்பாள். சாட்சிகள் வந்தார்கள். சாவி வந்தது, சேரவில்லை. வேறு சாவி வந்தது. நல்ல நேரம் பார்த்துத் திறந்து, புத்தகத்தை எடுத்துத் துடைத்துக் கடைசிப் பக்கங்களைப் புரட்டப் போனால் அவை புரளவில்லை. அச்சகத்தில் வெட்டாமல் விட்ட பக்கங்கள், ஓரம் ஒட்டியபடியே இருந்தன. வாங்கிய நாளிலிருந்து ஒருவரும் அந்தப் பக்கங்கள் வரை போனதில்லை. வெட்டினால் கல்லூரிச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாகும் என்று ரேணுகாம்பாள் நியாயமாகவே கவலைப்பட்டாள். அதற்கு ஓர் அனுமதி, அனுமதிக்கு ஒரு கையொப்பம். கடைசியில் பிளேடு வாங்கிவர ஆள் அனுப்பினார்கள்.

கைலாசம் நின்றபடியே படித்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. படித்து முடித்துத் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, ஏதாவது அச்சுப்பிழையாக இருக்கலாம் என்றார். ஆனால் அந்தக் குரலில் துறைத்தலைவர் இல்லை.

அவரிடமே விட்டிருந்தால் அன்றைக்கே அந்த மதிப்பெண்ணைப் போட்டு அனுப்பியிருப்பார். அப்படி விட்டுவிட்டால் கல்லூரி என்று ஒன்று எதற்கு இருக்கிறது? விஷயம் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் தேவேந்திரனிடம் போனது. அவர் குழு போட்டார். எஸ்ரா உயிர்நிலை ஆய்வுக் குழு. கைலாசம், ரேணுகாம்பாள், தேவேந்திரன், உயிர் சம்பந்தப்பட்ட விவகாரம் என்பதால் தாவரவியலிலிருந்து ஒரு பேராசிரியர். மனுதாரர் என்ற முறையில் சுகாசினியையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

கூட்டத்தைத் தொடங்கி வைக்கக் கைலாசத்தைப் பேசச் சொன்னார்கள். நிறவெறி எத்தனை கொடியது, அமெரிக்கா எத்தனை மோசமான நாடு, அங்கே பள்ளியில் தனி பெஞ்சு, குழாயில் தனித் தண்ணீர் என்றெல்லாம் அவர் உள்ளபடியே கலங்கிப் பேசினார். பேசிக்கொண்டே வந்தவர், அவளை இதமாகப் பார்த்துச் சொன்னார்.

"நம்ம காம்பஸ்ல அதெல்லாம் கெடையாது. சாட்சி வேணுமா? இதோ சுகாசினியே இருக்குது. நமக்கு வந்த அதே கப்புலதான் அதுக்கும் டீ வந்திருக்குது. யாராவது ஒரு வார்த்தை சொன்னோமா?"

எல்லோரும் அந்தக் கப்பைப் பார்த்தார்கள். சுகாசினி அதுவரை அதைத் தொட்டிருக்கவில்லை. இப்போது எடுத்துக் குடித்தாலும் ஒரு மாதிரி, குடிக்காவிட்டாலும் ஒரு மாதிரி. தேநீரில் ஆடை படிந்தது.

தாவரவியல்காரர் ஒரு சந்தேகம் கேட்டார். பையன் திரும்பி வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறதே, இப்போது முப்பது வயது தாண்டியிருக்குமே, கல்யாணம் காட்சி ஏதும் நடந்திருக்கிறதா? இல்லை என்றால் அவன் உயிரோடு இல்லை என்பதற்கு அதுவே ஒரு சான்று. குறித்துக்கொண்டார்கள். ரேணுகாம்பாள் பக்கம் வெட்டிய பிளேடை யார் கணக்கில் எழுதுவது என்று கேட்டாள். அதையும் குறித்துக்கொண்டார்கள்.

கடைசியில் தேவேந்திரன் எழுந்தார். நிதானமான ஆள், குரலை உயர்த்தவே மாட்டார்.

"செத்தது நெசமாவே இருக்கட்டும் சார், நான் மறுக்கல. ஆனா முன்தேதி போட்டுச் சாவ முடியாது. இத்தனை பேட்ச் பசங்க அவன் வீட்டுக்கு வந்துட்டான்னு எழுதித்தான் டிகிரி வாங்கிக்கினு போயிருக்கிறாங்க. அவங்கள்ல பேங்க்ல இருக்கிறாங்க, போலீஸ்ல இருக்கிறாங்க, நம்ம டிபார்ட்மென்ட்லயே இருக்கிறாங்க. இன்னிக்கு இவன் செத்துட்டான்னா அவங்க டிகிரி எல்லாம் என்னாவறது? ஒரு பையனப் பார்க்கிறதா, ஊரையே பார்க்கிறதா?"

ஒரு பையனா ஊரா என்று வரும்போது பையனை விட்டுவிடுவதுதான் எங்கும் வழக்கம். நாவலிலும் நீதிபதி கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறார். அதைச் சொல்லலாமா என்று சுகாசினி யோசித்தாள். அவளைத் தவிர அந்த அறையில் நாவலைப் படித்திருந்தவர் கைலாசம் ஒருவர்தான், அவரும் கடைசியை இப்போதுதான் படித்தவர். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எஸ்ரா என்னும் கதாபாத்திரம் வரும் ஜூன் மாதம் முதல், புதிய விதிமுறையின்கீழ் பயிலும் மாணவர்களுக்கு மட்டும், இறந்தவராகக் கருதப்படுவார். பழைய விதிமுறையின்கீழ் பயின்றவர்களுக்கு அவர் தொடர்ந்து வீடு திரும்புவார். மனுதாரர் ஏப்ரலில் தேர்வு எழுதியபோது பையன் உயிரோடு இருந்ததால் அவர் பெற்ற மதிப்பெண்ணில் மாற்றம் இல்லை. நவம்பரில் அரியர் எழுதிக்கொள்ளலாம். அரியர் பழைய விதிமுறையில் வரும் என்பதை மனுதாரர் நினைவில் கொள்ளவும்.

மனுதாரருக்கு வாழ்த்துச் சொல்லி அனுப்பினார்கள். ஒருவனைச் சாகடிக்கிற அளவுக்குப் போராடியிருக்கிறாளே, சும்மாவா?

அரியர் எழுதுகிற வரைக்கும் அவளுக்கு நிம்மதி இல்லை. அவன் இப்போது வீட்டுக்கும் வர ஆரம்பித்திருந்தான். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் வெட்டுத்துணி மூட்டையின்மேல் உட்கார்ந்துகொண்டு, என்ன முடிவு செய்தாய் என்கிற மாதிரி இருப்பான். கூடப் படித்த கீர்த்தி, பெரிய தெரு ஜவுளிக்கடைக்காரர் மகள், ஏப்ரலிலேயே தேறிவிட்டவள், போனில் கூப்பிட்டு வைதாள். வந்தான்னு நாலு வரி எழுதிட்டு வாடி, அவன் இன்னா உன் மாமன் மவனா என்றாள். சிநேகிதத்தில் சொன்னதுதான்.

கீர்த்திக்குச் சொல்ல வேண்டிய பதில் சுகாசினி வீட்டிலேயே இருந்தது. அதை எடுத்துச் சொன்னவர் ஜான்சன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், மீன்குழம்பு சாப்பிட்டு முடித்துக் கை கழுவாமல் உட்கார்ந்திருந்தார். மகள் அரியருக்குப் பணம் கட்டிவிட்டும் படிக்காமல் இருக்கிறாள் என்று வடிவு புலம்பியதற்கு அவர் பேச ஆரம்பித்தார்.

சுகாசினிக்கு ஓர் அண்ணன் இருந்தான். அருள். காய்ச்சலில் செத்தபோது அவனுக்கு ஏழு வயது. ரேஷன் அட்டையில் அவன் பெயரை ஜான்சன் அடிக்கவில்லை. அடித்தால் அரிசி குறையும். அந்த வருஷம் அவருக்கு வேலை வேறு இல்லை. மாதம் ஒரு தடவை கடையில் ஆள் கணக்குக் கேட்பார்கள். அருள் இருக்கானா என்பார் கடைக்காரர். இருக்கிறான் சார், இஸ்கோலுக்குப் போயிருக்கிறான் என்பார் ஜான்சன். பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிற சின்னப் பெண் சுகாசினி, உடனே திரும்பி ரோட்டைப் பார்ப்பாள். பள்ளிக்கூடம் விட்டு வருகிறானோ என்று.

"எழுதறதுல இன்னா பாப்பா இருக்குது. நான் சொல்லல? கடைக்காரன் கிட்ட வருசக்கணக்கா சொன்னேன், எம் புள்ள இருக்கிறான், இருக்கிறான்னு. அந்த அரிசியத் தின்னுதான் நீ வளர்ந்த. செத்தவன் ஒண்ணும் கோவிச்சுக்கல."

வடிவு மிஷினை நிறுத்தினாள். அவள்தான் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் தாலுகா ஆபீசுக்குப் போய் அந்தப் பெயரை அடித்துவிட்டு வந்தவள். அன்று வந்து வாசலில் உட்கார்ந்து அவள் அழுத அழுகையில் காலனியே கூடிவிட்டது. மறுபடி யார் போய்விட்டார்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

"கோவிச்சுக்கல, ஆனா போவவும் இல்லியே. நீ இருக்கிறான் இருக்கிறான்னு சொல்லச் சொல்ல அவன் எங்க போவான்? வூட்டச் சுத்திக்கினேதான் இருந்தான். பேர அடிச்ச அன்னிக்குத்தான் எம் புள்ள செத்தான், அன்னிக்குத்தான் தூங்குனான்."

ஜான்சன் எழுந்து போய்க் கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். வேலை கிடைக்க வேண்டும் என்று அம்மாவும் ஆசைப்பட்டாள், அப்பாவும் ஆசைப்பட்டார், சுகாசினியும்தான் ஆசைப்பட்டாள். அதில் மூன்று பேருக்கும் சண்டையே இல்லை.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. காலனி முழுக்கக் கல்லறைத் தோட்டத்தில்தான் இருந்தது. கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, அருளுக்குப் பிடிக்கும் என்று ஒரு பொட்டலம் பொரிகடலையும் வைத்தார்கள். எங்கேயோ செத்து எங்கேயோ புதைந்தவர்களுக்குத் தோட்டத்து நடுவே இருக்கிற பெரிய சிலுவையின் அடியில் ஏற்றுவது வழக்கம். சுகாசினி அங்கே போய் ஒரு மெழுகுவத்தி வைத்தாள். வடிவு யாருக்கு என்று கேட்டாள். ஒரு பையனுக்கு என்றாள் மகள். எந்தப் பையன், யார் வீட்டுப் பிள்ளை என்றெல்லாம் வடிவு மேற்கொண்டு கேட்கவில்லை. காற்றில் அணையாமல் முந்தானையால் மறைத்துப் பிடித்தாள்.

தேர்வு நாள். ஒரே கூடம். இடது வரிசையில் புதிய விதிமுறைப் பிள்ளைகள், அவர்களுக்குக் கேள்வி: எஸ்ராவின் மரணம் எழுப்பும் கேள்விகளை ஆராய்க. வலது வரிசையில் அரியர்கள், அவர்களுக்குக் கேள்வி: எஸ்ரா வீடு திரும்பிய காட்சியின் சிறப்பை விளக்குக. நடுவில் ஓர் ஆள் நடக்கிற வழி. மேற்பார்வையாளர் இடப்பக்கம் திரும்பும்போது பையன் செத்திருந்தான், வலப்பக்கம் திரும்பும்போது பிழைத்திருந்தான். புதிய வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து கேள்வித்தாள் மாறி வந்துவிட்டது, இதில் பையன் உயிரோடு இருக்கிறான் என்றாள். மேற்பார்வையாளர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு, அவனைப் பறித்துக்கொண்டு போய் வலது வரிசையில் கொடுத்தார்.

சுகாசினி பேனாவைத் திறந்தாள். எழுதமாட்டேன் என்று மடித்து வைத்துவிட்டு எழுந்து போகலாம். வெளியே ஜான்சன் லீவு போட்டு வந்து வேப்பமரத்தடியில் நிற்கிறார். நடு வழியில் எஸ்ரா நின்றான். எந்த வரிசையில் உட்காருவது என்று தெரியாமல் நிற்கிறான் என்று அவளுக்குப் பட்டது. நெஞ்சு பொறுக்கவில்லை. சரி வா, வீட்டுக்குப் போகலாம் என்று மனசுக்குள் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தாள்.

திருத்தியவர் நோட்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் திருத்தினார். நான்கு குறிப்புகள் இருக்க வேண்டும். ஊரார் கை குலுக்கியது இருந்தது. புதுச் சட்டை இருந்தது. தாயின் ஆனந்தக் கண்ணீர் இருந்தது. கிளாரா வருந்தியது இருந்தது. நான்குக்கும் டிக் போட்டார். தாய் சோறு போட்ட இடத்தில் மட்டும், அமெரிக்காவில் சோறு ஏது என்று ஒரு கோடு இழுத்துவிட்டு முழு மதிப்பெண் கொடுத்தார். அரியரில் முழு மதிப்பெண் அதுவரை யாரும் வாங்கியதில்லை. தேறிவிட்டாள்.

அடுத்த வாரமே தரச்சான்றுக் குழு வருகிறது. கல்லூரி பிளீச்சிங் பவுடர் வாசனையில் மிதந்தது. காட்டுவதற்கு ஏதாவது வேண்டுமே என்று தேடிய தேவேந்திரனின் கண்ணில் இந்த விடைத்தாள் பட்டது. காலனிப் பெண், தோற்றாள், முயன்றாள், முழு மதிப்பெண் பெற்றாள். பழைய விதிமுறையின் பெருமைக்கு வேறென்ன வேண்டும்? இனநீதி விழா என்று ஒன்று ஏற்பாடு செய்தார்கள். மேடையில் அந்த விடையைத் துறைத்தலைவரே வாசிப்பார். சுகாசினி முதல் வரிசையில், எல்லோரும் பார்க்கிற இடத்தில் உட்கார வேண்டும். பட்டச் சான்றிதழை அங்கேயே கொடுத்துவிடுவதாகச் சொன்னதால் போனாள்.

நாதஸ்வரம் வாசித்து, விளக்கேற்றி, குழுவினருக்குப் பட்டுச் சால்வை போர்த்தி முடித்தார்கள். அந்தச் சால்வைகளிலேயே ஒரு மணி நேரம் போனது. பிறகு கைலாசம் மைக்கின் முன்னால் வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கணீரென்று வாசித்தார். அவர் அதை முன்கூட்டிப் படித்திருக்கவில்லை. படிக்கிற வழக்கம் அந்தத் துறையில் இல்லை என்பதுதான் தெரிந்த விஷயமாயிற்றே. ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்.

எஸ்ரா வீட்டுக்கு வந்தான். தெரு நாய்கள் அவனைப் பார்த்துக் குரைக்கவில்லை, ஒதுங்கி நின்றன. ஊர் மக்கள் வரிசையில் வந்து கை குலுக்கினார்கள். குலுக்கியவர்கள் தங்கள் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டார்கள். முதலாளி புதுச் சட்டை கொடுத்தார். பத்து வயதுக்கு எடுத்த சட்டை. அடுத்த வருஷமும் அவனுக்கு அது சரியாக இருந்தது. அதற்கடுத்த வருஷமும் சரியாக இருந்தது.

முன்வரிசையில் கைதட்டல் ஆரம்பித்து, பின்னால் போவதற்குள் நின்றுவிட்டது. கைலாசத்தின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அம்மா ஆனந்தக் கண்ணீர் விட்டாள். அவனுக்குச் சோறு போட்டாள். அவன் தட்டின் முன்னால் உட்கார்ந்தான். சோறு ஆறியது. அதை எடுத்துவிட்டுச் சுடச்சுட வேறு போட்டாள். அதுவும் ஆறியது. கிளாரா வந்து வாசலுக்கு வெளியே நின்று வருந்தினாள். உள்ளே வா என்று அவன் கூப்பிட்டான். அவள் வரவில்லை. அம்மா மறுபடியும் சோறு போட்டாள்.

கைலாசம் நிறுத்தினார். தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் எதுவும் இல்லை. முதல் வரிசையில் சுகாசினியைத் தேடி, மைக்கில் பேசுகிறோம் என்பதையே மறந்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா சுகாசினி, புள்ள ஏம்மா சாப்பிட மாட்டேங்குது?"

அவள் எழுந்து நின்றாள்.

"அவன் செத்துட்டான் சார்."

தேவேந்திரன் உடனே எழுந்து, குழுவினர் தவறாகப் புரிந்துகொண்டுவிடக் கூடாதே என்று, அது ஜூன் முதல்தான், அதுவும் புதிய விதிமுறையில் மட்டும்தான் என்று விளக்கினார். குழுத் தலைவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். கைலாசத்தின் காதில் அது விழவில்லை. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்கம்மாவுக்கு… அவங்கம்மாவுக்குச் சொல்லிட்டாங்களாம்மா?"

"இல்ல சார். வூட்டுக்கு வந்துடுவான், வந்துடுவான்னுதான் எல்லாரும் சொல்லிக்கினு இருக்கிறாங்க."

அடுத்தது பரதநாட்டியம் என்று யாரோ அறிவித்தார்கள். சலங்கை கட்டிய பெண்கள் மேடையோரம் வந்து காத்திருந்தார்கள். கைலாசம் இறங்கவில்லை. மைக்கை யாரும் அணைக்கவில்லை, அவர் மூச்சு வாங்குகிற சத்தம் அரங்கம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது.